குறையக் கேளுங்கள், வடிவாகக் காப்பாற்றுங்கள்: தென்னாபிரிக்காவில் சாட்சியம் சேர்ப்போருக்கு

டர்பனிலும் பீட்டர்மரிட்ஸ்பேர்க்கிலும் ஜொகன்னஸ்பேர்க்கிலுமாக இந்த நாட்டில் வாழ்கிற ஈழத்தமிழ்க் குடும்பங்கள் சொற்பம். 2009இல் வன்னிப் போரின் கடைசி மாதங்களைக் கண்ணால் கண்டு, பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்கள் அதிலும் சொற்பம். ஆனாலும் இருக்கிறார்கள். ஒரு மருந்துக்கடையில், ஒரு களஞ்சியத்தில், மருமகள் வீட்டுப் பின்னறையில். அவர்கள் கண்டதை வேறு எவரும் அவர்களுக்காகச் சொல்ல முடியாது. அதைக் கெடுக்காமல் எடுக்க வேண்டும், கெடாமல் வைக்க வேண்டும், கேட்கத் தகுதி உள்ளவர் கேட்கிற நாளில் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்றுதான் எழுதுகிறேன்.

நான் கரவெட்டிக்காரி. கணக்குப் படிப்பிக்க ட்ரான்ஸ்கைக்கு வந்து, பிறகு டர்பனுக்கு மாறி, சாட்ஸ்வேர்த்தில் ஓய்வு பெற்றவள். வன்னியில் நான் இருக்கவில்லை. என் தங்கையின் குடும்பம் இருந்தது. நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணிகளுக்கும் எங்கள் சனத்துக்கும் நடுவில் இருந்து, இரண்டு பக்கமும் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். உதவிக்கு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் கமராவோடு வருகிறார்கள். முழுக் கதையையும் ஒரே இருப்பில் எடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களிடம் நான் முதலில் சொல்வது, குறையக் கேளுங்கள் என்பதுதான்.

ஏனென்று பிறகு சொல்கிறேன். எழுதி வைக்கிற கடதாசி எத்தனை காலம் நிற்க வேண்டும் என்று விளங்க இந்த நாட்டுக் கதை ஒன்று போதும். அகமது திமோல் என்ற ஆசிரியர் 1971 ஒக்டோபர் 27 அன்று ஜொகன்னஸ்பேர்க்கில், ஜோன் வொஸ்டர் சதுக்கப் பொலிஸ் கட்டடத்தின் பத்தாம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தானே குதித்தார் என்றது பொலிஸ். 1972இல் நடந்த மரண விசாரணையும் அதையே ஒப்புக்கொண்டது. குடும்பம் விடவில்லை. 2017இல் விசாரணை மறுபடி திறக்கப்பட்டு, ஒக்டோபர் 12 அன்று நீதிபதி பில்லி மோத்லே அது கொலை என்று தீர்ப்பளித்தார். நாற்பத்தாறு வருடம்! 1971இல் எழுதி வைத்த பிரேத பரிசோதனைக் குறிப்பைப் புதிய வைத்தியர்கள் வாசித்து, விழ முன்னமே பட்ட காயங்கள் அதில் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். அதே நாட்களில் பிடிபட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். அடுத்த வருடம் ஒரு முன்னாள் பொலிஸ்காரர் மீது கொலைக்குற்றம் சுமத்தப்பட்டது. வழக்கு நடந்து முடிய முன்னம் 2021இல் அவர் இறந்துபோனார். கடதாசி காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார்.

நீங்கள் இன்றைக்கு எழுதி வைப்பதை வாசிக்கப்போகிற நீதிபதி 2009க்குப் பிறகு பிறந்தவராகவும் இருக்கலாம். அவருக்கு மாத்தளன் எங்கே என்று தெரியாது. உங்களையும் தெரியாது. கடதாசி தானாக நிற்க வேண்டும்.

யாரைக் கேட்பது, யாரைக் கேட்காமல் விடுவது

முதலில் பாதுகாப்பு. சாட்சி சொல்கிறவர் டர்பனில் பத்திரமாக இருக்கலாம், அவருடைய அண்ணன் விசுவமடுவில் இருப்பார். ஊரில் காணாமல் போனோரின் தாய்மார் வீட்டுக்குப் புலனாய்வுக்காரர் போய் விசாரிக்கிறார்கள் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. ஆகவே ஊரில் இருக்கிற உறவினரின் பெயரை, விலாசத்தை, தொலைபேசி இலக்கத்தைச் சாட்சியத்தோடு ஒரே கோப்பில் வைக்கவே கூடாது. சாட்சிக்கு ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் வேறு ஒரு கொப்பியில், வேறு ஒரு வீட்டில் இருக்கட்டும்.

சம்மதத்தை ஒரே கேள்வியாகக் கேட்டு முடிக்காதீர்கள். குரலைப் பதிவு செய்யலாமா, ஐ.நா.வுக்குக் கொடுக்கலாமா, இங்குள்ள சட்டத்தரணிக்குக் காட்டலாமா, பெயரை வெளியே சொல்லலாமா என்று தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக எழுதி, தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஒன்றுக்கு ஓம் சொன்னவர் இன்னொன்றுக்கு இல்லை என்பார். அது அவருடைய உரிமை. நாளைக்கு மனம் மாறினால் திருப்பி வாங்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். தென்னாபிரிக்காவில் 2013இல் நிறைவேறி, 2021 யூலை 1 முதல் கண்டிப்பாக அமலில் இருக்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது.

சிலரைச் சட்டத்தரணி இல்லாமல் தொடவே வேண்டாம். இயக்கத்தில் (விடுதலைப் புலிகளில்) இருந்தவர்கள், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் உட்பட, தங்களுக்கே எதிராகப் போகக்கூடியதைச் சொல்லிவிடலாம். அகதி விண்ணப்பம் இன்னும் முடியாதவர்களும் அப்படித்தான். அவர்கள் 1998ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருப்பார்கள். அதற்கும் நீங்கள் எழுதுவதற்கும் ஒரு திகதி மாறினாலும் அவருடைய விண்ணப்பம் ஆபத்தில் விழும். காசு வாங்காமல் உதவுகிற சட்ட அமைப்புகள் டர்பனில் இருக்கின்றன, முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

பாலியல் வன்முறையைப் பற்றி நீங்களாகக் கேட்கவே கேட்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தப்பி வந்த பெண்களிடமும் ஆண்களிடமும் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு 2022இல் முராத் கோட்பாடு என்று ஒரு உலக நெறிமுறை வந்தது. அதன் சாரம், தேவை இல்லாமல், பயிற்சி இல்லாமல், பின்னால் உதவி இல்லாமல் கேட்கக்கூடாது என்பது. அவராகச் சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள், சொன்ன அளவுக்கு எழுதுங்கள், மேலே ஒரு கேள்வியும் வேண்டாம். உடம்பில் தழும்பு இருந்தால் நீங்கள் படம் பிடிக்க வேண்டாம். சித்திரவதையை மருத்துவ ரீதியாகப் பதிவதற்கு இஸ்தான்புல் நெறிமுறை இருக்கிறது. அது தெரிந்த வைத்தியர் பார்த்து எழுதினால்தான் மன்றத்தில் எடுபடும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் மண்டபம் வேண்டாம். எங்கள் சனம் சிறிது, வாசலில் யாருடைய செருப்பு கிடக்கிறது என்றே எல்லாருக்கும் தெரியும். மொழிபெயர்க்க வருகிறவர் சாட்சியின் ஊர்க்காரராகவோ சொந்தக்காரராகவோ இருக்கக்கூடாது.

முதல் சந்திப்பில் எவ்வளவு கேட்பது

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோஜஸ்ட் நிறுவனமும் சேர்ந்து, 2022 செப்டெம்பரில் எங்களைப் போன்ற பொதுமக்கள் அமைப்புகளுக்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. ஒருவரை ஒருதடவைக்கு மேல் முழுமையாக விசாரிக்காமல் இருக்கப் பாருங்கள், முழு வாக்குமூலம் எடுப்பதைக் கூடியவரை உத்தியோகபூர்வ விசாரணையாளருக்கு விடுங்கள் என்கிறது அது. காரணம் நேரடியானது. ஒரு தாய் தன் பிள்ளை செத்த நாளை நாலு பேருக்கு நாலு தடவை சொன்னால், நாலிலும் சின்னச் சின்ன வேறுபாடு வரும். நினைவு அப்படித்தான். பொய் அல்ல. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த நாலு கடதாசியையும் மேசையில் பரப்பி வைத்து அந்தத் தாயைப் பொய்காரி ஆக்குவார். அதற்கான ஆயுதத்தை நாங்களே செய்து கொடுக்கக்கூடாது. கேட்டுக் கேட்டே சாட்சியின் நெஞ்சும் புண்ணாகிப் போகும் என்பதை நான் தனியே சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் சந்திப்பில் ஒன்று இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். யார், எங்கே இருந்தார், எந்தக் காலத்தில், எதைத் தானே கண்டார், கூட யார் இருந்தார்கள், கையில் என்ன ஆவணம் இருக்கிறது, யாருக்குக் கொடுக்கச் சம்மதம். இது போதும். விசாரணையாளர் வரும்போது யாரைத் தேடிப் போவது என்று அவருக்குத் தெரிந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

கேட்கிற விதமும் முக்கியம். "ஆமி ஆஸ்பத்திரிக்கு அடிச்சவன்தானே அக்கா?" என்று கேட்டால் அந்தப் பதில் உங்களுடையது, அக்காவுடையது அல்ல. "அன்றைக்கு என்ன நடந்தது அக்கா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். "குத்துற சத்தம் கேட்டது, பிறகு விழுந்தது" என்றால் அப்படியே. அதை "எறிகணைத் தாக்குதல் மேற்கொள்ளப்பட்டது" என்று நல்ல தமிழ் ஆக்க வேண்டாம். குத்திய சத்தம், அதாவது ஷெல்லை ஏவிய சத்தம், எந்தப் பக்கத்தால் வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தால், அந்த ஒரு வரி பெரிய பெறுமதி. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில், அவர் கண்டதா, காதால் கேட்டதா, வேறொருவர் சொன்னதா என்று குறியுங்கள்.

திகதிதான் எல்லாருக்கும் சிக்கல். பங்கருக்குள் இருந்தவரிடம் நாட்காட்டி இருக்கவில்லை. ஆனால் எங்கள் சனம் நாளைத் திகதியாக நினைவில் வைப்பதில்லை, விசேஷத்தோடு வைக்கும். 2009 தைப்பொங்கல் ஜனவரி 14. அதற்கு முன்னம், ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்துவிட்டது. பெப்ரவரி 4 இலங்கையின் சுதந்திர தினம். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியை விட்டு நோயாளர் வெளியேறியது அந்த நாட்களில்தான். பெப்ரவரி 12 அன்று மாத்தளன் பக்கம் புதிய பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. சிவராத்திரி பெப்ரவரி 23. வேதக்காரருக்கு உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 12, இரண்டு நாள் கழித்துச் சித்திரை வருடப்பிறப்பு. மாத்தளனில் இயக்கத்தின் காவல் வரிசையை ஆமி உடைத்தது ஏப்ரல் 20. சித்திரா பௌர்ணமி மே 8, 9 அளவில், அதனால் அந்த இரவுகளில் நிலவு இருந்ததா என்று கேட்டாலே பல நாள் தெளியும். வயிற்றில் பிள்ளையோடு இருந்தவரிடம் எத்தனையாம் மாதம் என்று கேளுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் பிறகு கணக்கைச் சரிபார்க்கும்.

ஆனால் திகதியை நீங்கள் வாயில் போடக்கூடாது. "சிவராத்திரிக்கு அடுத்த நாள் விடிய" என்று அவர் சொன்னால் அதை அவருடைய சொல்லாக எழுதுங்கள். "பெப்ரவரி 24 ஆக இருக்கலாம்" என்பதை உங்கள் குறிப்பாக, வேறு நிற மையில், கீழே எழுதுங்கள். கணக்கில் விடையை மட்டும் எழுதாமல் செய்கையையும் காட்டச் சொல்லிப் படிப்பித்தேனே, அதேதான் இது. விடை பிழைத்தாலும் செய்கை இருந்தால் திருத்தலாம்.

இடத்துக்கு அவரையே ஒரு படம் கீறச் சொல்லுங்கள். பாடசாலை, சந்தி, கிணறு, தறப்பாள் கொட்டில், கடல் எந்தப் பக்கம். கோணலாக இருந்தால் பரவாயில்லை, செயற்கைக்கோள் படத்தோடு பொருத்திப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கீழே அவர் கையெழுத்தும் அன்றைய திகதியும்.

இனப்படுகொலை என்று நிறுவ என்ன வேண்டும்

இதைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள், ஏனென்றால் எங்கள் கூட்டங்களில் இதை எவரும் பொறுமையாகச் சொல்வதில்லை. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கையில் இலங்கை 1950இலேயே சேர்ந்துவிட்டது, தென்னாபிரிக்கா 1998இல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின்படி, எத்தனை பேரைக் கொன்றார்கள் என்பது மட்டும் போதாது. ஓர் இனத்தை, அந்த இனம் என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 செப்டெம்பர் அறிக்கை போர்க்குற்றங்களும் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களும் நடந்திருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணம் உண்டு என்றது. இனப்படுகொலை என்ற முடிவுக்கு அது வரவில்லை. வடமாகாண சபை 2015 பெப்ரவரியில் இனப்படுகொலை என்று தீர்மானம் நிறைவேற்றியது. கனடா நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இவை எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் தீர்மானத்தை வைத்து நீதிமன்றம் தீர்ப்பு எழுதாது. நோக்கத்தைக் காட்டுகிற சான்று வேண்டும், அதைத்தான் நாங்கள் தேட வேண்டும்.

சாட்சியிடம் "இது இனப்படுகொலைதானே?" என்று கேட்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆமி சோதித்தபோது என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். சிங்களத்தில் சொன்னதைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், அர்த்தம் பிறகு பார்க்கலாம். சீருடை என்ன நிறம், தோளில் என்ன சின்னம். அரிசி எப்போது நின்றது, மயக்க மருந்து இல்லாமல் அறுவைச் சிகிச்சை நடந்ததைக் கண்டாரா, பிள்ளைப் பால்மாவுக்கு நின்ற வரிசையில் ஷெல் விழுந்ததா.

இங்கேதான் பழைய கடதாசிகள் பேசும். வன்னியில் எழுபதாயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. போர் முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். குறைத்துச் சொன்ன எண்ணுக்குத்தான் உணவும் மருந்தும் போயின. ஆகவே ஒரு குடும்பத்தின் கசங்கிய நிவாரண அட்டை, அதில் விதானையார் போட்ட கையெழுத்து, கச்சேரி (மாவட்டச் செயலக) முத்திரை, எல்லாம் சான்று. செஞ்சிலுவைச் சங்கம் 2009 பெப்ரவரி முதல் மே வரை காயக்காரரைக் கப்பலில் ஏற்றியது. அப்போது கொடுத்த துண்டு, மெனிக் பாம் முகாம் அட்டை, புல்மோட்டை ஆஸ்பத்திரிச் சீட்டு, ஒன்றையும் எறிய விடாதீர்கள். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று 2011இல், இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் கேட்டார். அந்த எண் கச்சேரிப் பதிவுகளில் இருந்த தொகையிலிருந்து முகாமுக்கு வந்தோர் தொகையைக் கழித்துப் பார்த்து வந்தது. அவருடைய கேள்விக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட கடதாசிகள்தான் இருந்தன.

இன்னொன்றையும் நேரே சொல்லிவிடுகிறேன். தப்பி ஓடியபோது இயக்கம் சுட்டது, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனது என்று சாட்சி சொன்னால், அதை ஒரு எழுத்தும் வெட்டாமல் எழுதுங்கள். ஐ.நா. நிபுணர் குழு 2011இலேயே அதையும் எழுதிவிட்டது, அரசாங்கத்தின் ஷெல்லடியையும் எழுதிவிட்டது. வெட்டிய சாட்சியம் குறுக்கு விசாரணையில் உடையும், உடையும்போது உண்மையான பகுதியையும் கூட்டிக்கொண்டு போகும். அதற்கு மேலாக, அந்தத் தாய்க்கு நடந்தது நடந்ததுதான். எங்கள் வசதிக்காக அவள் துயரத்தில் ஒரு பாதியை மறைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

படங்கள், ஒலிநாடாக்கள், பழைய போன்கள்

வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பச் சொல்லாதீர்கள். படம் சுருங்கும், எந்த நாள், எந்த நேரம், எந்தக் கருவியால் எடுத்தது என்ற உள் தகவல் போய்விடும். போனைக் கையில் வாங்கி, கேபிள் போட்டு, கோப்பை அப்படியே பிரதி எடுங்கள். பெயரை மாற்ற வேண்டாம், வெளிச்சம் கூட்ட வேண்டாம், முகத்தை மறைக்க வேண்டும் என்றால் பிரதியில் செய்யுங்கள். உடைந்த பழைய போன் என்றாலும் அது மூலம், அதை விற்கவோ திருத்தக் கொடுக்கவோ வேண்டாம் என்று குடும்பத்துக்குச் சொல்லுங்கள். பிரதி எடுத்த உடனேயே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 முறையில் அதன் அடையாளக் கோவையைக் கணித்து எழுதி வையுங்கள். 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு வரி அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி முழுதாக மாறிவிடும். இருபது வருடம் கழித்து எவராவது "இது திருத்தியது" என்றால் அதுதான் பதில். இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளையே செய்து தருவான்.

கைமாற்றுக் குறிப்பு ஒன்று ஒவ்வொரு பொருளோடும் போக வேண்டும். யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்த நாள், எங்கே வைத்தது. பிறகு வேறொருவருக்குப் போனால் அதுவும்.

மூன்று பிரதி வையுங்கள், ஒன்றாவது டர்பனுக்கு வெளியே. இந்த ஊரில் இருப்பவருக்கு ஏனென்று நான் விளக்கத் தேவையில்லை. 2021 யூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸ் பக்கம் எப்படி இருந்தது என்று தெரியும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நட்டாலில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் தெரியும். வட்டுகளைப் பூட்டுச்சொல் போட்டுக் குறியாக்கம் செய்து வையுங்கள்.

சத்தியக்கடதாசி

சாட்சியத்தை இந்த நாட்டில் சட்ட ஆவணமாக்குவது லேசு. எந்தப் பொலிஸ் நிலையத்திலும் சத்தியம் செய்துவைக்கும் அதிகாரி இருப்பார், காசு இல்லை. உள்ளடக்கம் விளங்குகிறதா, சத்தியம் செய்ய ஆட்சேபனை உண்டா, அது உங்கள் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துமா என்று கேட்பார். அவர் முன்னிலையிலேயே கையெழுத்துப் போட வேண்டும், வீட்டில் போட்டுக்கொண்டு போகக்கூடாது. ஆனால் உணர்வுள்ள சாட்சியத்தைப் பொலிஸ் கவுண்டரில் நீட்டாதீர்கள், பின்னால் வரிசையில் நிற்பவர் வாசிப்பார். சட்டத்தரணி அலுவலகத்தில் செய்யுங்கள்.

சாட்சிக்கு ஆங்கிலம் விளங்காதென்றால் மூலம் தமிழிலேயே இருக்கட்டும். உயர்நீதிமன்றத்தில் பதிந்த மொழிபெயர்ப்பாளர் தனியே மொழிபெயர்த்துக் கையெழுத்து வைக்கட்டும். தனக்கு விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே ஒரு அம்மாவைக் கையெழுத்து வைக்கச் சொல்வது அவருக்கும் அநியாயம், வழக்குக்கும் கேடு. முழுச் சத்தியக்கடதாசியைச் சட்டத்தரணி கேட்ட பிறகு மட்டும் செய்யுங்கள். நான் மேலே சொன்ன காரணம்தான்.

எங்கே கொடுப்பது

ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தால் ஜெனீவாவில் இலங்கைக்கான பொறுப்புக்கூறல் திட்டம் ஒன்று உருவானது. சான்றுகளைச் சேர்த்து, ஆராய்ந்து, பாதுகாத்து, வருங்கால வழக்குகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. 2022இலும் 2024இலும் 2025இலும் அதன் காலத்தைப் பேரவை நீட்டியது. ஆகவே அது நிரந்தரமல்ல, கொடுப்பதென்றால் இப்போது கொடுக்க வேண்டும். சாட்சி சம்மதித்த அளவுக்கு மேல் அவர்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. அதனால்தான் சம்மதத்தைப் பிரித்துப் பிரித்து எழுதச் சொன்னேன்.

இந்த மண்ணிலேயே எங்களுக்கு ஒரு பலம் உண்டு. 2011 நிபுணர் குழுவின் மூவரில் ஒருவர் யஸ்மின் சூக்கா, இந்த நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவில் ஆணையாளராக இருந்தவர். அவர் வழிநடத்தும் சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டம் இலங்கைச் சாட்சியங்களைப் பல வருடமாக முறையாக எடுத்து வருகிறது. 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையாளராக இருந்த நவி பிள்ளை டர்பன் கிளேர்வூட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. இந்த ஊர்ச் சனம் ஈழத்தைத் தூரத்து விஷயமாகப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தில் இலங்கை சேரவில்லை, ஆகவே ஹேக்கில் அந்தக் கதவு எங்களுக்கு மூடியிருக்கிறது. ஆனால் தென்னாபிரிக்கா 2002இல் இயற்றிய 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இனப்படுகொலையை வெளிநாட்டில் செய்த ஒருவர் பிறகு இந்த நாட்டுக்குள் கால் வைத்தால், அல்லது பாதிக்கப்பட்டவர் இந்நாட்டுப் பிரஜையாகவோ இங்கே வசிப்பவராகவோ இருந்தால், இங்குள்ள நீதிமன்றம் விசாரிக்கலாம். வழக்குத் தொடரத் தேசிய வழக்குத்தொடுநர் தலைவரின் சம்மதம் வேண்டும். ஒருவருடைய வசிப்பிடத்தை எந்தக் காலத்திலிருந்து எண்ணுவது என்பதைச் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சாட்சியும் எப்போது இங்கே வந்தார் என்ற ஆவணத்தைச் சேர்த்து வைப்பது உங்கள் பங்கு. சிம்பாப்வேயின் ஹராரேயில் 2007இல் எதிர்க்கட்சிக்காரர் சித்திரவதை செய்யப்பட்டது பற்றிய கோப்பை இங்குள்ள பொலிஸ் தட்டிக்கழித்தபோது, அரசியலமைப்பு நீதிமன்றம் 2014 ஒக்டோபர் 30 அன்று, விசாரிக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நின்றது ஒழுங்காகச் சேர்த்த சத்தியக்கடதாசிகளின் மேல்.

கோப்பு முன்னமே தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு உதாரணம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டிருந்த அப்போதைய சூடான் அதிபர் அல்-பஷீர் 2015 யூனில் ஜொகன்னஸ்பேர்க் மாநாட்டுக்கு வந்தார். நாட்டைவிட்டு வெளியேற விடக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியும், விமானம் ஏறிப் போய்விட்டார். அரசு செய்தது சட்டவிரோதம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் சொன்னபோது அவர் இங்கே இல்லை. போர்க்காலத்தில் வன்னியில் படைத்தளபதியாக இருந்து, பிறகு பிரேசிலில் இலங்கைத் தூதராக இருந்த ஜெனரல் ஜகத் ஜயசூரிய மீது 2017 ஓகஸ்டில் முறைப்பாடு பதிவானபோதும் அவர் நாடு திரும்பிவிட்டார். நேரம் மணிக்கணக்கில்தான் கிடைக்கும். ஆள் வந்த பிறகு சாட்சி தேடினால் எதுவும் ஆகாது.

சர்வதேச நீதிமன்றம் வேறு, அது நாடுகளுக்கு இடையிலான வழக்குகளுக்கு. அங்கே வழக்குப் போட அரசுகளால்தான் முடியும். 2023 டிசெம்பர் 29 அன்று இனப்படுகொலை உடன்படிக்கையின் கீழ் தென்னாபிரிக்கா இஸ்ரேலுக்கு எதிராகப் போனது. காம்பியா 2019இல் மியன்மாருக்கு எதிராகப் போனது. பிரிட்டோரியா அரசை எங்களுக்காகவும் கேட்கச் சொல்லலாம், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதுங்கள். ஆனால் என் நேரத்தை நான் அதில் அதிகம் போடுவதில்லை. பிரித்தானியா 2025 மார்ச்சில் போர்க்காலத் தளபதிகளான சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, இயக்கத்திலிருந்து பிரிந்த கருணா என்ற நால்வர் மீது தடை விதித்தது. தடைக்கும் வழக்குக்கும் கோரிக்கைக்கும் அடியில் கிடப்பது ஒரே சான்றுதான்.

இங்கே பிறந்த தமிழரோடு

1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வராது. அவர்களைச் சாட்சியின் முன் இருத்த வேண்டாம். ஆனால் சட்டத்தரணிகள், கணினி தெரிந்தவர்கள், கணக்காளர்கள், மனநல ஆலோசகர்கள் அவர்களிடம் நிறைய. பாதுகாப்பான பெட்டகம், ஆங்கிலக் கடிதங்கள், காசுக் கணக்கு, சாட்சியைக் காரில் கூட்டிப்போய் வருவது என்று கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்கள். நிறவெறிக் காலத்தில் வீடுகளில் இருந்து தூக்கி எறியப்பட்டு சாட்ஸ்வேர்த்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

சந்திப்புக்குப் பிறகு

சொல்லி முடித்தவரை உடனே விட்டுவிட்டு வரக்கூடாது. தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை கதைத்து, அவர் முகம் பழைய நிலைக்கு வந்த பிறகு எழும்புங்கள். இரண்டு நாள் கழித்து ஒரு தடவை போன் எடுத்து நித்திரை வந்ததா என்று கேளுங்கள். சாட்சியத்தைப் பற்றி அந்தப் போனில் கதைக்க வேண்டாம். எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். "நீதி கிடைக்குமா ரீச்சர்?" என்று கேட்பார்கள். "நீங்கள் சொன்னது தொலையாமல் பார்ப்பேன் அம்மா" என்பதற்கு மேல் நான் சொல்வதில்லை, சொன்னதைச் செய்கிறேன்.

செய்வதற்கு இன்னொரு ஏற்பாடும் வேண்டும். எனக்கு வயதாகிறது. பூட்டுச்சொல் என் தலையில் மட்டும் இருந்தால் என்னோடே போய்விடும். ஆகவே அதை இரண்டாகப் பிரித்து, ஒருவரை ஒருவர் அறிந்த, ஒரே வீட்டில் இல்லாத இருவரிடம் மூடிய உறையில் கொடுத்திருக்கிறேன். பெட்டி யாருக்குப் போக வேண்டும், எந்தச் சாட்சியம் யார் சம்மதம் இல்லாமல் திறக்கக்கூடாது என்று சட்டத்தரணி முன்னிலையில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆவணக்காப்பகம் ஒன்றில் வைப்பதென்றால், குறிப்பிட்ட வருடம் வரை மூடி வைக்கும் நிபந்தனையோடு ஒப்படைக்கலாமா என்று முதலில் கேளுங்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கிற காந்தி-லுத்துலி ஆவண நிலையத்தில் இந்த நாட்டு விடுதலைப் போராட்டக்காரரின் வாய்மொழிப் பதிவுகள் இருக்கின்றன. எப்படி ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஒருதடவை போய்ப் பாருங்கள். உங்களுக்குப் பிறகு யார் என்பதை எழுதி முடித்துவிட்டே முதல் சாட்சியிடம் போங்கள்.